பித்தளை வளையத்தின் பிடிவாதம்

‘பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் கியர் பாக்ஸை ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் சனி, ஞாயிறு இரண்டே நாளில் பிரித்துப் பூட்டுவதாக யூடியூபில் காட்டுகிறார்கள். நம்பலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிரித்ததை நம்பலாம், பூட்டியதையும் நம்பலாம். இரண்டே நாள் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கேமரா அணைந்திருந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எம்ஜிபி இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைப்பதால் வீட்டு மெக்கானிக்குகளுக்குச் செல்லப்பிள்ளை. ஆனால் அதன் கியர் பாக்ஸ் தனியாகக் கீழே இறங்காது. என்ஜினோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். முதல் நாள் அதிலேயே போய்விடும்.

இத்தனை பாடும் பெரும்பாலும் எதற்காக? இரண்டாவது கியர் விழும்போது ‘கர்ர்’ என்று கேட்கும் சத்தத்துக்காக. அந்தச் சத்தத்தைத் தடுக்க உள்ளே இருப்பது ஒரு பித்தளை வளையம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான், மற்றதெல்லாம் சாக்கு.

கியர் மாற்றும்போது பல்சக்கரம் நகர்ந்துபோய் இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். எம்ஜிபியில் ரிவர்ஸும், 1967 கடைசிவரை வந்த வண்டிகளில் முதல் கியரும் மட்டுமே அப்படி. மற்றவை எப்போதும் தத்தம் ஜோடியோடு கோத்தபடி சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எதை மெயின் ஷாஃப்ட்டோடு பூட்டுவது என்பதுதான் கேள்வி. பூட்டுவது, உள்பக்கம் பல் வெட்டிய ஒரு ஸ்லீவ்.

பூட்டும் முன் வேகங்கள் ஒன்றாக வேண்டும். பிந்தைய எம்ஜிபியில் முதல் கியர் விகிதம் 3.44, இரண்டாவது 2.17. என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் இருக்கும்போது இரண்டாவதுக்கு மாற்றினால், இன்புட் ஷாஃப்ட்டும் கிளட்ச் தட்டும் சுமார் 2,500 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். கூடவே, இன்புட் ஷாஃப்ட்டின் சுழற்சியை மற்ற பல்சக்கரங்களுக்குக் கடத்தும் துணைத் தண்டான லே ஷாஃப்ட்டின் சக்கரங்களும் அதே விகிதத்தில். கண் இமைக்கும் நேரத்தில் 1,500 சுற்றை விழுங்குவது அந்த வளையத்தின் வேலை.

வளையம் ஸ்லீவுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதன் உட்புறம் கூம்பு. பல்சக்கரத்தின் கழுத்தில் அதற்குப் பொருந்தும் எஃகுக் கூம்பு. சாய்வு பொதுவாக 6, 7 டிகிரி. அந்தச் சின்னச் சாய்வு உங்கள் தள்ளலை எட்டு, ஒன்பது மடங்கு அழுத்தமாகப் பெருக்கிவிடும். சாய்வை இன்னும் குறைத்தால் பிடி கூடும், ஆனால் இறுகிய கூம்பு விடுபடாது. கூட்டினால் பிடியே இல்லை.

பிடித்த வேகத்தில் பல்சக்கரம் வளையத்தைத் தன்னோடு இழுக்கும். ஸ்லீவைத் தாங்கும் ஹப்பில் உள்ள பள்ளங்கள் அதை ஏறக்குறைய அரைப் பல் அளவுக்குத்தான் திரும்ப விடும். சூட்சுமம் அந்த அரைப் பல்லில் இருக்கிறது. வளையத்தின் வெளிவிளிம்புப் பற்கள் இப்போது ஸ்லீவின் பற்களுக்கு எதிரே வந்து வழியை மறித்துக்கொள்கின்றன.

இங்கே இரண்டு முறுக்குகள் மல்லுக்கு நிற்கின்றன. ஸ்லீவ் பல்லின் சாய்ந்த முனை, வளையத்தைத் திருப்பி விலக்கப் பார்க்கிறது. கூம்பின் உராய்வு, விலகவிடாமல் பிடிக்கிறது. இரண்டுக்கும் ஊற்று உங்கள் கைதான். பலமாகத் தள்ளினால் விலக்கும் முறுக்கு கூடும். மறிக்கும் முறுக்கும் அதே விகிதத்தில் கூடும். ஆக, முரட்டுக் கை இங்கே ஜெயிக்காது. யார் ஜெயிப்பது என்பதைக் கோணங்கள் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிட்டன. வேகங்கள் ஒன்றான கணத்தில் மறிக்கும் முறுக்கு காணாமல் போகிறது, வளையம் விலகுகிறது, ஸ்லீவ் உள்ளே போகிறது. சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம்.

டவுன் பஸ் படிக்கட்டில் நிற்கும் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும் பஸ்ஸில் ஏற ஒருவர் ஓடி வருகிறார். கண்டக்டர் அவர் சட்டைக் காலரை எட்டிப் பிடிக்கிறார். அந்தக் கை அவரை பஸ்ஸின் வேகத்துக்கு இழுக்கிறது; விறைத்து நீண்டிருப்பதால் வாசலையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. வேகம் ஒன்றானதும் கை தளரும், வழி திறக்கும், ஆள் ஏறுவார். வயதான கண்டக்டரின் விரலில் பிடி இல்லையென்றால் காலர் நழுவும், ஆள் படியில் மோதுவார், ‘கர்ர்’. கண்டக்டரின் கையில் யாராவது எண்ணெய் பூசிவிட்டாலும் அதே கதி. டிக்கெட்டுக்கு இந்த உவமையில் இடமில்லை.

எண்ணெய் என்றதும் விளம்பரங்கள் ஞாபகம் வருகின்றன. ‘ஒரு பாட்டில் ஊற்றுங்கள், கியர் சத்தம் மாயம்!’ வளையத்தின் உட்கூம்பில் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பதே எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுத்து உலோகத்தை உலோகத்தோடு உரச வைக்கத்தான். வளையத்துக்கு வேண்டியது உராய்வு; நீங்கள் காசு கொடுத்து ஊற்றுவது வழுக்கல். விலை கூடிய ஜிஎல்-5 கியர் ஆயிலும் இதற்கு ஆகாது. அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். எம்ஜிபியின் கையேடு கேட்பது என்ஜினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50 ஆயில்தான்.

வரலாறு வேண்டுவோருக்கு ஒரு பத்தி. நகரும் பல்சக்கரங்களை 1890களில் பிரான்சின் லெவாசோர் காருக்குக் கொண்டுவந்தார். அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓட்டுநர்கள் இரட்டைக் கிளட்ச் மிதித்து, காதால் வேகம் பார்த்து கியர் போட்டார்கள். நம்மூர்ப் பழைய லாரி ஓட்டுநர்களுக்கும் அந்த வித்தை அத்துபடி. அமெரிக்கர் ஏர்ல் தாம்ப்ஸன் கண்டுபிடித்த, வேகங்களைத் தானே ஒன்றாக்கும் சின்க்ரோமெஷ் 1928-இல் கேடிலாக்கில் வந்ததும் அந்தக் காதுக்கு வேலை போயிற்று. இப்போது ஹூண்டாய் அயோனிக் 5 என் என்ற மின்சாரக் கார், இல்லாத கியரை இருப்பதுபோல் நடித்துக் காட்டுகிறது. இதையும் முன்னேற்றம் என்கிறார்கள்.

ஷெட்டுக்கு வருவோம். பிரிக்கும் முன் பழி யார்மேல் என்று பாருங்கள். என்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை மிதித்து, சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. முதலில் அதன் ஹைட்ராலிக்கைக் கவனியுங்கள். நல்ல கியர் பாக்ஸ்கள் பல இந்தச் சோதனையைச் செய்யாததால்தான் மேசைக்கு வருகின்றன. முதல் மூன்று கியரிலும் உறுமல், நான்காவதில் அமைதி என்றால் லே ஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும் போய்விட்டன. நான்காவதில் சக்தி நேராகப் போவதால் லே ஷாஃப்ட்டுக்குச் சுமை இல்லை.

தேய்ந்த வளையம் கண்ணுக்குப் புதிதுபோலவே இருக்கும். போனது வரிகளின் முனை மட்டும். கூம்பின்மேல் கையால் அழுத்தி, வளையத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும். ஸ்லீவைக் கழற்றும்போது மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் உள்ள ஸ்பிரிங்குகள் தங்கள் குண்டுகளை அலமாரிக்கு அடியில் அனுப்பக் காத்திருக்கின்றன. திரும்பப் பூட்டும்போது, நிஜ லே ஷாஃப்ட் நுழையும்வரை அதன் இடத்தில் ஒரு போலி ஷாஃப்ட்டைச் செருகி வைப்பது பழைய உத்தி. யூடியூப் அவசரத்தில் விட்டுவிடும் இடமும் இதுதான்.

வாசகருக்கு என் பதில்: பொறுமையும் கையேடும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். செய்தால், உரசுகிற ஒரு வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். எல்லா வளையங்களையும், லே ஷாஃப்ட்டையும், அதன் பேரிங்குகளையும் சேர்த்தே வாங்குங்கள். அவற்றை வாங்காமல் மிச்சம் பிடிக்கும் காசு, என்ஜினை இன்னொரு முறை தூக்கும் வேலைக்கு ஈடாகாது.