ஒரே போன், ஒரே செய்தி... கரைக்குக் கரை பலன் வேறு!

சந்தை விலை போனிலேயே வருகிறது. மழை வருமா, வராதா என்பதும் வருகிறது. இருந்தும் ஒரு ஊரில் அது காசாகிறது. பக்கத்து ஊரில் வெறும் செய்தியாக நின்றுவிடுகிறது. இதற்கான காரணத்தை வயலைவிடக் கடற்கரையில் தெளிவாகப் பார்க்கலாம்.

சென்னை, பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்கு ஓரத்தில், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மாநகருக்குள்ளேயே இருக்கும் மீனவர் ஊர் என்பதால் சிக்னலுக்குக் குறைவில்லை. மீனவர்களுக்காக ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலியைக் கொண்டுவந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சில கிலோமீட்டர் தள்ளி, தரமணியில்தான் உள்ளது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம், சந்தை விலை என்று பலவும் அதில் கிடைக்கும்.

இவற்றில் குப்பத்துக்குப் பயன்படுவது எது? இங்கிருந்து போவது சிறிய ஃபைபர் படகுகள். கரையேறும் மீனைப் பெண்கள் அங்கேயே விற்கிறார்கள். வாங்குபவர்கள் நகரத்து மக்கள். காசிமேட்டில் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதல் என்று செய்தி வந்தாலும், இரண்டு கூடை மீனுக்கு ஆட்டோ வாடகையும் ஐஸும் போட்டால் அந்த 20 ரூபாய் காணாமல் போய்விடும். ஆக, விலைச் செய்தி இங்கே பெரிதாக உதவாது.

மீன் கூடும் இடம் பற்றிய தகவலைத் தருவது ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ என்ற மத்திய அரசு நிறுவனம். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், மீனுக்கு இரையாகும் நுண்பாசிகளின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, எந்தத் திசையில், எத்தனை தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று சொல்கிறார்கள். அந்த இடம் 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், பெரிய விசைப்படகுக்கு அது லாபம். சின்னப் படகுக்கு எரிபொருள் செலவு. ஆனால், நாளை அலை எவ்வளவு உயரும், காற்று எப்போது திரும்பும் என்ற தகவல் இரண்டு படகுக்கும் உயிர் காக்கும். வாடை, கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்த பெரியவர்கள் இருக்கும் ஊரில், அந்தத் தகவலைச் சரிபார்க்கவும் ஆள் உண்டு.

விலைச் செய்தி ஜெயித்த கரை

வட கேரளத்தில் கதை வேறு. 1997 ஜனவரி 14 அன்று வடகரை கடற்கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கொட்டினார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சோம்பாலா, கொயிலாண்டி கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் பதிவு செய்த காட்சி இது. 1997 முதல் 2001 வரை கண்ணூர், காசர்கோடு, கோழிக்கோடு மாவட்டங்களில் செல்போன் வந்தது. படகிலிருந்தே விசாரித்து, விலை கிடைக்கும் கரைக்குத் திருப்பினார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவிகிதம் கூடியது; வாங்குபவருக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது.

இத்தனைக்கும் அப்போது செயலி எதுவும் கிடையாது, வெறும் பேச்சுதான். அடுத்தடுத்து சந்தைகள், எங்கே வேண்டுமானாலும் விற்கும் சுதந்திரம் இரண்டும் இருந்ததால் போன் வேலை செய்தது. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய மீனவருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. பக்கத்துக் கரையின் விலை தெரிந்தாலும், மீனைக் கடன் கொடுத்தவரிடம்தான் இறக்க வேண்டும். கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மகாராஷ்டிராவில் 2007-ல் தொடங்கிய ‘ராய்ட்டர்ஸ் மார்க்கெட் லைட்’ எஸ்.எம்.எஸ் சேவையே இதற்குச் சாட்சி. 100 கிராமங்களில், சுமார் 1,000 விவசாயிகளிடம் ஆய்வு செய்தார்கள். விலை, வானிலை, பயிர் ஆலோசனை எல்லாம் வந்தன. ஆனால், விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

சிக்னல் முடியும் இடம்

சில இடங்களில் சிக்கல் போனிலேயே இருக்கிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினாலே சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கையைச் சேர்க்க வழியில்லாமல் போனது. அதன் பிறகே, 2019-ல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் ‘ஜெமினி’ கருவி வந்தது. அதில் செய்தி வரும். திருப்பிப் பேச முடியாது.

இன்னொரு பக்கம், புதுச்சேரி வீராம்பட்டினத்தில் செல்போன் பரவுவதற்கு முன்பே இன்டர்நெட் பயன்பட்டது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

விலைச் செய்தி பார்க்கும் விவசாயி, போனில் வரும் விலையோடு ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, கமிஷன் மூன்றையும் கழித்து உள்ளூர் விலையோடு ஒப்பிட்டால், அந்தச் சேவை தன் ஊருக்கு ஆகுமா என்பது ஒரு அறுவடையிலேயே தெரிந்துவிடும். செயலி தேவையில்லை, பேசினால் போதும் என்பவர்களுக்கு, கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.