பஞ்சர் செலவு 150 ரூபாயா, 11,000 ரூபாயா? முதல் ஒரு கிலோமீட்டர்தான் முடிவு பண்ணுது

வழக்கமா எஸ்ஐபி, வரி ரிட்டர்ன்னு பேசுற நான் இன்னைக்கு டயரைப் பத்திப் பேச ஒரு பில்தான் காரணம். அந்தப் பில்லைக் கட்டினது நான்தான்.

போன மாசம் ராத்திரி எட்டு மணி. கல்மண்டபத்துல இருந்து காசிமேடு பக்கம் போயிட்டிருக்கேன். ஸ்டீயரிங் லேசா இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சது. பின்னாடி கன்டெய்னர் டிரெய்லர் ஒண்ணு ஹார்ன் அடிச்சுக்கிட்டே வருது. ‘எப்படியும் முன்னால ஒரு பங்க் வரும், அங்க காத்து அடிச்சுக்கலாம்’னு ஒரு கிலோமீட்டர் ஓட்டிட்டேன். அப்புறம் பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழட்டி, உள்ளே கையை விட்டு ஒரு பிடி கறுப்புப் பொடியை எடுத்துக் காட்டினார். “ஆணி சின்னதுதான் சார். நீங்க ஓட்டித்தான் டயர் போச்சு.”

150 ரூபாயில முடிஞ்சிருக்க வேண்டிய வேலை. பழைய ஜோடி டயரும் தேய்ஞ்சிருந்ததால ஒரே அச்சுல ரெண்டு டயர், அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாயைத் தாண்டிடுச்சு.

காரோட எடையைத் தாங்குறது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காற்றுதான். காற்று போனதும் டயரோட பக்கச் சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல மாட்டி நசுங்குது. அந்தக் கறுப்புப் பொடி அப்படி அரைபட்ட ரப்பர்தான். சில விலை உயர்ந்த கார்களில் ‘ரன்-ஃப்ளாட்’ டயர் வரும். அதோட பக்கச் சுவர் தடிமனா இருக்கும். காற்றே இல்லாம பொதுவா 80 கிலோமீட்டர் வரைக்கும், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள ஓட்டலாம். நம்ம பெரும்பாலானவங்க காரில் அது கிடையாது.

அதனால ஸ்டீயரிங் இழுத்தாலோ, பின்பக்கம் ஆட்டம் கண்டாலோ, பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு, ஹசார்ட் லைட் போட்டு, மெதுவா ஓரம் கட்டுங்க. எண்ணூர் விரைவுச் சாலை மாதிரி டிரெய்லர் வரிசையா போற ரோட்டுல ஓரமே இல்லைன்னா? அப்போ கணக்கு மாறுது. நடக்குற வேகத்துல ஓட்டி, பாதுகாப்பான இடத்துக்குப் போய் நில்லுங்க. டயர் போனா போகட்டும். என் தப்பு, ஓரமா நிற்க மூணு இடம் இருந்தும் நிற்காததுதான்.

டியூப்லெஸ் டயர்ல ஆணி குத்தியிருந்தா அதைப் பிடுங்காதீங்க. ஆணியே பாதி அடைப்பா இருக்கும். 2,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற 12 வோல்ட் பம்பை டிக்கியில வச்சிருந்தா, காற்று அடிச்சுப் பக்கத்துக் கடை வரைக்கும் போயிடலாம். பம்ப் போட்டும் காற்று நிற்கலைன்னா ஸ்டெப்னிதான்.

ஸ்டெப்னி மாத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டு, கியரையும் போட்டு, எதிர் மூலையில் இருக்கிற சக்கரத்துக்குக் கல்லு வைங்க. நட்டை முதல்ல தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்தணும். ஜாக்கி ஏத்தினப்புறம் தளர்த்தினா கார் ஆடும். நம்ம பக்கம் ரோட்டு ஓரம் மணல், ஜாக்கி புதையும். அடியில ஒரு பலகை போடுங்க. உடம்பில் எதையும் காருக்கு அடியில் நீட்டாதீங்க. புதுச் சக்கரம் மாட்டினதும் நட்டைக் குறுக்குக் குறுக்கா முறுக்கி, இறக்கினப்புறம் கடைசியா இறுக்குங்க. பஞ்சர் ஆனது வலது பக்கச் சக்கரம், வண்டிகள் உரசிக்கிட்டுப் போகுதுன்னா, மாத்தவே மாத்தாதீங்க. காரை விட்டு இறங்கி தள்ளி நின்னு உதவிக்குக் கூப்பிடுங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033.

கடையில ‘உள்ளே நாலு பஞ்சர் இருக்கு சார்’னு சொன்னா, சோப்புத் தண்ணி ஊத்தி குமிழி வர்ற ஒவ்வொரு இடத்தையும் காட்டச் சொல்லுங்க. ஓட்டை பக்கச் சுவரில் இருந்தா ஒட்ட வேண்டாம், டயரை மாத்திடுங்க.

இன்ஷூரன்ஸ் தருமா?

பஞ்சருக்குத் தராது. வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், அதே விபத்துல காருக்கும் சேதம் ஆனால்தான் டயருக்குப் பணம். அதுவும் மாற்றும் செலவில் 50% மட்டும். பலரும் படிக்காத இன்னொரு நிபந்தனையும் இருக்கு: விபத்தோ பழுதோ ஆனப்புறம் தேவையான ரிப்பேர் செய்யாம வண்டியை ஓட்டினா, அதனால கூடுற சேதம் முழுக்க உங்க பொறுப்பு. நான் ஓட்டின அந்த ஒரு கிலோமீட்டர் அதுக்குள்ள வந்துடும்.

சரி, பள்ளத்துல விழுந்து டயரோட காருக்கும் கொஞ்சம் அடி, க்ளெய்ம் போடலாமான்னு கேட்பீங்க. கணக்கு பார்ப்போம். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், இப்போ என்சிபி 35%ன்னு வச்சுக்குவோம். க்ளெய்ம் போடாம இருந்தா அடுத்த வருஷம் 45%, அதுக்கடுத்து 50%. அதாவது 5,500, பிறகு 5,000 ரூபாய். க்ளெய்ம் போட்டா என்சிபி பூஜ்யம், முழு 10,000. அதுக்கடுத்து 20% கழிச்சு 8,000. ரெண்டு வருஷத்துல 7,500 ரூபாய் கூடுதல். உங்களுக்குக் கிடைக்கிறது? 5,000 ரூபாய் டயரில் பாதி 2,500. 1500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். காருக்கான ரிப்பேரும் சேர்ந்து கையில வர்ற தொகை 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் க்ளெய்மைப் பத்தி யோசிக்கவே செய்யுங்க.

ரோட்சைட் அசிஸ்டன்ஸ் வேற. அதைப் பயன்படுத்தினா பொதுவா என்சிபி பாதிக்காது. புதுக் கார் வாங்கினப்போ கம்பெனியே கொடுத்திருக்கலாம், தேடிப் பாருங்க. இருக்கிறதைத் திரும்ப இன்ஷூரன்ஸ் ஆட்-ஆனா வாங்குறவங்களை நான் நிறையப் பார்க்கிறேன். ‘டயர் ப்ரொடெக்ட்’ ஆட்-ஆன் எடுக்கிறதுக்கு முன்னாடி, சாதாரண பஞ்சர் ஒட்டுறது அதுல சேருமான்னு கேளுங்க. பெரும்பாலும் சேராது.

இன்னொரு விஷயம். 2020 அக்டோபர் 1 முதல், டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டுற டிபிஎம்எஸ், ரிப்பேர் கிட் மூணும் இருக்கிற 3.5 டன் வரையிலான பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அதனால புதுக் கார் டெலிவரி எடுக்கும்போதே டிக்கியைத் தூக்கிப் பாருங்க. கிட் மட்டும்தான்னா, அந்தத் திரவத்துக்கும் காலாவதி தேதி உண்டு. சின்ன சைஸ் ஸ்டெப்னி கொடுத்திருந்தா அதுல ஒட்டியிருக்கிற வேகத்தைத் தாண்டாதீங்க. அது கடை வரைக்கும் போகத்தான், திருப்பதி வரைக்கும் இல்லை.

புது டயர் வாங்கினா பில் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28%ல இருந்து 18% ஆயிடுச்சு. பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 3225ன்னா 2025ல 32வது வாரம் தயாரானது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுறாங்களான்னு அதுல தெரியும். (பக்கத்து திருவொற்றியூர்ல 1946ல பலூன் செய்யிற சின்ன இடமா ஆரம்பிச்சதுதான் எம்ஆர்எஃப். டயரைப் பத்தி நம்ம ஏரியாக்காரங்களுக்கு நான் பாடம் எடுக்கிறது கொஞ்சம் ஓவர்தான்.)

இந்த வாரம் பங்க்குக்குப் போகும்போது நாலு டயரோட ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்க. அந்த ராத்திரி என்னோட ஸ்டெப்னியில 33 இருக்க வேண்டிய இடத்துல 14தான் இருந்தது.