"எஞ்சியதின்" என்ற சொல்லில் சறுக்கும் பிள்ளைகள்

ராத்தாவின் மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு டபிள்யூ. மற்றப் பாடங்கள் பரவாயில்லை. "கணக்கு எனக்கு ஏறாது மாமா, நான் கடைக்கே போறேன்" என்று சொல்லிவிட்டான். ராத்தாவும் பாதி மனதோடு சம்மதித்திருந்தார். கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று பழைய வினாத்தாள்களோடு அவனை என்னிடம் அனுப்பினார். நான் கணித ஆசிரியன் அல்லன். கணக்காளனாக வேலை பார்த்தவன். சில கிழமைகள் அவனோடு உட்கார்ந்ததில் கண்டதைப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் கொடுத்த கணக்கு இது: ஒருவர் தனது மாதச் சம்பளத்தின் 1/4 ஐ வீட்டு வாடகைக்கும், எஞ்சியதின் 2/3 ஐ உணவுக்கும் செலவிடுகிறார். இறுதியில் அவரிடம் 15,000 ரூபா மிஞ்சுகிறது. சம்பளம் எவ்வளவு?

அவன் மளமளவென்று 1/4 ஐயும் 2/3 ஐயும் கூட்டினான். 11/12 வந்தது. மிச்சம் 1/12. ஆகவே சம்பளம் 180,000 ரூபா. கூட்டலில் பிழையில்லை, பெருக்கலிலும் பிழையில்லை.

நான் சரி, பிழை எதுவும் சொல்லவில்லை. "அப்படியென்றால் வாடகை எவ்வளவு?" என்று கேட்டேன். 45,000 என்றான். கையில் இருப்பது? 135,000. அதில் 2/3 உணவுக்குப் போனால்? 90,000. மிஞ்சுவது? 45,000. வினாவில் இருப்பதோ 15,000. பேனையைக் கீழே வைத்துவிட்டு வினாவைத் திரும்ப வாசித்தான்.

இனிச் சரியான வழி. வாடகை கொடுத்தபின் எஞ்சுவது சம்பளத்தின் 3/4. உணவுக்குப் போவது அந்த 3/4 இன் 2/3, அதாவது சம்பளத்தின் 1/2. 3/4 இலிருந்து 1/2 ஐக் கழித்தால் 1/4. அந்த 1/4 தான் 15,000 ரூபா. ஆகவே சம்பளம் 60,000. வாடகை 15,000, உணவு 30,000, மிச்சம் 15,000. பொருந்துகிறது.

அவன் விட்டது "எஞ்சியதின்" என்ற ஒரு சொல்லை. இதைக் கணக்குப் பிழை என்பதை விட வாசிப்புப் பிழை என்றே சொல்வேன். பின்னத்தையோ சதவீதத்தையோ கண்டால் அதன் மேல் பென்சிலால் "எதன்?" என்று எழுதச் சொன்னேன். குறுக்குவழிகளை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகளில் இந்தக் கேள்விக்கு நேரமிருப்பதில்லை.

கழிவுக் கணக்கிலும் இதே கதைதான். 20% கழிவின் பின் ஒரு சட்டை 2,400 ரூபா. குறித்த விலை என்ன? அவன் 2,400 இன் 20% ஐக் கண்டு, கூட்டி 2,880 என்றான். 20% எதன்? குறித்த விலையின். அப்படியானால் 2,400 என்பது குறித்த விலையின் 80%. 1% என்பது 30 ரூபா. விலை 3,000.

நமது வீடுகளில் வாரிசுப் பங்கீடு பேசும்போதும் இந்த "எதன்?" வருகிறது. ஒருவர் 26 இலட்சம் ரூபா விட்டுச் செல்கிறார். கடன் 2 இலட்சம், வஸிய்யத் இல்லை, பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவியும் இரண்டு மகன்மாரும் ஒரு மகளும் இருக்கிறார்கள். மனைவியின் 1/8 பங்கு 26 இலட்சத்தில் அல்ல. கடன் போன 24 இலட்சத்தில். அது 3 இலட்சம். எஞ்சிய 21 இலட்சத்தை மகனுக்கு 2, மகளுக்கு 1 என்ற விகிதத்தில் ஐந்தாகப் பிரித்தால், மகனுக்கு 840,000, மகளுக்கு 420,000. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும் பகுதி இத்தகைய கணக்குகள்தாம் என்று சொன்னபோது மருமகன் நம்பவில்லை.

பெற்றோர் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை விடை கண்டதும், அந்த விடையை வினாவில் திரும்பப் போட்டு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருந்தால் போதும். படிகளையும் எழுத வையுங்கள். இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிக்குப் புள்ளி உண்டு.

மருமகன் மறுபடி பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறான். பின்னமும் சதவீதமும் முடிந்தன. கேத்திரகணிதம் அப்படியே கிடக்கிறது. அதில் எனக்கும் நிறைய மறந்துவிட்டது. இருவருமாகத் தரம் 10 புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறோம்.