வாசல் பார்த்தது போதும், வாய்க்காலையும் பாருங்கள்

சிட்னியில் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு பார்க்கப் போனால் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வாசல் கிழக்கா, வடக்கா? ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம்? எந்த ஸ்கூல் எல்லைக்குள் வருகிறது? ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் தங்குவதற்குக் கீழே ஒரு ரூம் இருக்கா? இத்தனையும் கேட்பார்கள். மழை பெய்தால் இந்தத் தெருத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நாம் வெள்ளம் அறியாதவர்கள் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது, முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் இருந்த சொந்தக்காரர்களின் போன் கிடைக்காமல் இங்கே விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஏரிக்குள் வீடு கட்டினால் ஏரி வீட்டுக்குள் வரும் என்று ஊர்க்கதை பேசத் தெரியும். ஆனால் விமானம் ஏறியதும் அந்த அறிவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். "இங்கெல்லாம் கவுன்சில் அப்ரூவல் இல்லாமல் கட்ட விடமாட்டாங்க சார்" என்று ஒரு நம்பிக்கை. அப்ரூவல் இருக்கும்தான். தண்ணீர் வராது என்று அந்த அப்ரூவல் எங்கேயும் சொல்லவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 'நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்று ஏஜென்ட் சொன்னால், அடுத்தது நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் அர்த்தம் அதுவல்ல. ஒவ்வொரு வருஷமும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதே அர்த்தம். போன வருஷம் வந்ததால் இந்த வருஷம் வராது என்ற சமாதானம் கிடையாது. 30 வருஷம் கடன் கட்டும் ஒரு வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது வெள்ளம் வர வாய்ப்பு சுமார் 26 சதவீதம். அதாவது நாலில் ஒன்று. நாலில் ஒருமுறை விழுந்துவிடும் சர்வரை நம்பி எந்த என்ஜினியரும் சிஸ்டம் கட்டமாட்டார். வீட்டை மட்டும் வாங்கிவிடுகிறோம்.

சிட்னியின் வடமேற்கை எடுத்துக்கொள்வோம். மார்ஸ்டன் பார்க், ஸ்கோஃபீல்ட்ஸ், ரிவர்ஸ்டோன், பாக்ஸ் ஹில் என்று நம்மவர்கள் புது வீடு தேடிப் போகும் பக்கம் அது. அதற்கு அப்பால் ஹாக்ஸ்பரி-நெப்பியன் பள்ளத்தாக்கு. பல ஆறுகளும் ஓடைகளும் வந்து சேரும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் வெளியேற, கீழே சாக்வில் பக்கம் குறுகலான மலையிடுக்குதான் வழி. நாலு குழாயைத் திறந்துவிட்ட தொட்டிக்கு ஒரே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் எப்படி நிரம்புமோ, அப்படி நிரம்பும். நிரம்பிய தண்ணீர் சவுத் கிரீக், ஈஸ்டர்ன் கிரீக் வழியாகப் பின்னோக்கி ஏறும். ஆறு கண்ணிலேயே படாத இடத்துக்கும் ஆற்று வெள்ளம் வருவது இப்படித்தான்.

விண்ட்சரில் 2021 மார்ச்சில் ஆறு 13 மீட்டரை நெருங்கியது. 2022 மார்ச்சிலும் ஜூலையிலும் 14 மீட்டரை நெருங்கியது. ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று பெரிய வெள்ளம். ஆனாலும் அங்கே 'நூறு வருஷ' அளவு 17 மீட்டருக்கும் மேல். 1867-இல் 19 மீட்டரைத் தாண்டியதாகப் பதிவு இருக்கிறது. நாம் டிவியில் பார்த்துப் பயந்தது அந்த அளவைத் தொடவே இல்லை. 1960-இல் கட்டி முடிக்கப்பட்ட வாரகம்பா அணை காப்பாற்றும் என்பார்கள். அது குடிநீருக்காகக் கட்டிய அணை, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியதில்லை. 2023-இல் மாநில அரசே மார்ஸ்டன் பார்க் நார்த் பகுதியில் திட்டமிட்டிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை, வெள்ள ஆபத்தைச் சொல்லிக் கைவிட்டது.

"நாங்க வென்ட்வொர்த்வில், எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பகுதிகளில் ஓடும் சின்னச் சின்ன ஓடைகள் டூங்காபி கிரீக்கில் சேர்கின்றன. இங்கே ஆபத்து வேறு மாதிரி. ஆறு நாள்கணக்கில் ஏறும், ஓடை நிமிஷக்கணக்கில் ஏறும். இன்னொன்றும் உண்டு. பழைய நீரோட்டப் பாதைகளைக் குழாய்க்குள் அடைத்து மேலே தெரு போட்டிருக்கிறார்கள். பெருமழையில் குழாய் நிரம்பினால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளின் பின்கட்டு வழியாகவே போகும்.

நானும் என் மனைவியும் வீடு தேடியபோது நடந்ததைச் சொல்கிறேன். மேற்கு சிட்னியில் நாலு படுக்கையறை வீடு, வடக்குப் பார்த்த வாசல், அக்கம்பக்கத்தை விடக் கொஞ்சம் குறைந்த விலை. மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "எனக்குத் தெரிந்து இங்கே வெள்ளம் வந்ததில்லை" என்றார் ஏஜென்ட். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்பதுதான் கேள்வி. விற்பனை ஒப்பந்தத்தோடு இருந்த சான்றிதழில் வெள்ளக் கட்டுப்பாடு பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று ஒரே ஒரு வரி. கவுன்சிலிடம் பணம் கட்டி வெள்ள அளவைக் கேட்டோம். 'நூறு வருஷ' வெள்ளத்தில் கீழ்த்தளம் முழங்கால் அளவு மூழ்கும் என்று தெரிந்தது. பெற்றோருக்கு என்று நாங்கள் மனதில் ஒதுக்கியிருந்த அறை அந்தக் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. இன்சூரன்ஸுக்கு மூன்று இடத்தில் கேட்டோம். ஒரு நிறுவனம் முகவரியைப் போட்டதுமே மறுத்துவிட்டது. மற்ற இரண்டும் சொன்ன தொகையை மாதத் தவணையோடு கூட்டிப் பார்த்தபோது, குறைந்த விலை குறைந்த விலையே இல்லை என்று புரிந்தது. விட்டுவிட்டோம். மனைவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு விஷயம்.

நீங்கள் வாங்கும் முன் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை.

முதலாவது, நியூ சவுத் வேல்ஸில் விற்பனை ஒப்பந்தத்தோடு பிரிவு 10.7 சான்றிதழ் இருக்க வேண்டும். வெள்ளம் தொடர்பான கட்டுமானக் கட்டுப்பாடு அந்த நிலத்துக்கு உண்டா என்று அதில் பாருங்கள். அது 'உண்டு', 'இல்லை' என்று மட்டுமே சொல்லும், ஆழம் சொல்லாது. 'உண்டு' என்றால் கவுன்சிலிடம் அந்த மனைக்கான வெள்ள மட்டத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதை வீட்டின் தரைமட்டத்தோடு ஒப்பிடுங்கள். மனை நனைவது வேறு, வீட்டுத் தரை மூழ்குவது வேறு.

இரண்டாவது, ஆஃபர் கொடுக்கும் முன்பே அந்த முகவரிக்கு இன்சூரன்ஸ் விலை கேளுங்கள். பத்து நிமிஷம் ஆகாது, காசும் கிடையாது. அந்த விலையில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சில நிறுவனங்களில் அதை நீக்கிவிட்டு விலையைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. புயல்மழைச் சேதமும் ஆறு, ஓடை பெருகி வரும் வெள்ளமும் பாலிசியில் ஒன்றல்ல. பல பாலிசிகளில் முதல் 72 மணி நேரம் வெள்ளத்துக்குப் பாதுகாப்பும் கிடையாது. வானிலை எச்சரிக்கை வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

மூன்றாவது, 1943-இல் எடுத்த சிட்னியின் வான்படங்களை அரசு இணையத்தில் வைத்திருக்கிறது. இன்று சிமென்ட் தெருவாக இருக்கும் இடத்தில் அன்று ஓடை வளைந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான்காவது, நல்ல மழை நாளில் குடையோடு அந்தத் தெருவில் நடங்கள். எதிர்வீட்டுப் பெரியவரிடம் 2022 எப்படி இருந்தது என்று கேளுங்கள். கட்டட, கரையான் ஆய்வு செய்ய வருபவர் வெள்ளத்தைப் பார்க்கமாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

இவற்றையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். வழக்கமான விற்பனையில் மனம் மாற 5 வேலைநாள் அவகாசம் உண்டு. விலகினால் விலையில் 0.25 சதவீதம் போகும். ஏலத்தில் எடுத்தால் அந்த அவகாசமும் கிடையாது.

"இதுவரை வராத தண்ணியா இனிமே வரப்போகுது?" என்பவர்களுக்கு லிஸ்மோரைச் சொல்வேன். 2022 பிப்ரவரி 28 அன்று அங்கே ஆறு 14.4 மீட்டர் ஏறியது. அதற்கு முன் பதிவான உச்சத்தை விட 2 மீட்டருக்கும் அதிகம். பழைய வெள்ளத்தைக் கணக்கில் வைத்து மாடியில் பத்திரமாக இருந்தவர்கள் கூரைமேல் ஏற வேண்டியதாயிற்று. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரப்பதத்தைத் தாங்கும். பழைய பதிவு இனி எல்லைக்கோடு இல்லை.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் கசக்கும். கோயில் பிரசாத வரிசையில், பிறந்தநாள் விருந்தில் வீட்டு விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். 2022-இல் கேரேஜில் தண்ணீர் புகுந்ததை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் விலை இறங்கிவிடுமாம். அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் நேற்று வந்த இன்னொரு தமிழ்க் குடும்பம். பத்து வருஷச் சேமிப்பையும் ஊரில் விற்ற மனையின் பணத்தையும் சேர்த்து முன்பணம் கட்டியவர்கள் அவர்கள். தெரிந்தவர் உங்கள் தெருவில் வீடு பார்க்கிறார் என்றால், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுங்கள். அவர் வாங்கினாலும் விட்டாலும், தெரிந்து செய்த முடிவாக அது இருக்கட்டும்.