திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலை

திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலை என்பது தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் இயங்கும், இந்திய அரசுக்குச் சொந்தமான சிறு ஆயுத உற்பத்தி ஆலை ஆகும். இது 1966-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ரைபிள்கள், இயந்திரத் துப்பாக்கிகள், எறிகுண்டு செலுத்திகள் ஆகியவை இங்கு தயாரிக்கப்படுகின்றன. ஒரு வீரர் அல்லது சிறு குழுவினர் சுமந்து சென்று இயக்கக்கூடிய துப்பாக்கிகளே சிறு ஆயுதங்கள் எனப்படுகின்றன.

பின்னணி

1962-இல் நடந்த இந்திய-சீனப் போரில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் .303 லீ-என்ஃபீல்டு ரைபிளையே ஏந்தியிருந்தனர். இதில் ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். சீன வீரர்களிடம் தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. இப்போருக்குப் பின் பெல்ஜிய நாட்டு வடிவமைப்பைத் தழுவிய 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைபிள் இந்தியப் படையில் பரவலானது. நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளும் விரிவாக்கப்பட்டன.

எஸ்.எல்.ஆர். வலிமையான ரைபிள் என்றாலும், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே வெளியேறும். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படை, ஏ.கே. வகைத் தானியங்கி ரைபிள்களை ஏந்தியவர்களை எதிர்கொண்டபோது இக்குறை வெளிப்பட்டது.

ஏ.கே. ரைபிள்களின் இறக்குமதி

எஸ்.எல்.ஆருக்கு மாற்றாக 5.56 மி.மீ. இன்சாஸ் ரைபிளை உருவாக்கும் பணி 1980-களில் தொடங்கியது. ஆனால் அது தாமதமானதால், 1990-க்கும் 1992-க்கும் இடையில் சுமார் 1,00,000 ஏ.கே.எம். வகை ரைபிள்களை வெளிநாடுகளிலிருந்து இந்தியா வாங்கியது. இவற்றை அளித்த நாடுகளில் ஹங்கேரியும் ருமேனியாவும் அடங்கும். சோவியத் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு, ஹங்கேரி தன் தலைநகர் புடாபெஸ்டில் ஏ.கே.எம்.-63, ஏ.எம்.டி.-65 ஆகிய ரைபிள்களைத் தயாரித்து வந்தது. சிறிய நாடு ஒன்று தன் படைக்கான ரைபிளைத் தானே செய்து ஏற்றுமதியும் செய்த காலத்தில், பல தொழிற்சாலைகளைக் கொண்ட இந்தியா அவசரத் தேவைக்கு இறக்குமதியை நாட வேண்டியிருந்தது.

இயங்கும் முறை

ஏ.கே., இன்சாஸ் இரண்டும் வாயு அழுத்தத்தால் இயங்குபவை. தோட்டா சுடப்படும்போது வெடிமருந்து எரிந்து உருவாகும் வாயுவில் ஒரு பகுதி, குழலில் உள்ள சிறு துளை வழியே சென்று ஒரு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். அதனுடன் பூட்டும் பின்னே நகர்ந்து வெற்றுக் கூட்டை வெளியே எறியும். பின்னர் சுருள்வில் பூட்டை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். ஏ.கே.யின் பாகங்களுக்கு இடையே சற்றுக் கூடுதல் இடைவெளி இருப்பதால், மணலும் தூசியும் புகுந்தாலும் அது எளிதில் நிற்பதில்லை.

இன்சாஸ் ரைபிள் திருச்சிராப்பள்ளியிலும் இஷாப்பூர், கான்பூர் ஆலைகளிலும் தயாரிக்கப்பட்டது. 1999 கார்கில் போரில், கடுங்குளிரில் அதன் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டி விரிசல் விட்டதாகவும் சில வேளைகளில் துப்பாக்கி சிக்கிக்கொண்டதாகவும் முறையீடுகள் எழுந்தன. பின்னர் அதில் திருத்தங்கள் செய்யப்பட்டன.

தயாரிப்புகள்

திருச்சி தாக்குதல் ரைபிள்: 7.62×39 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் ஏ.கே. வகை ரைபிள். முன்பு இறக்குமதி செய்யப்பட்ட அதே வகை ஆயுதம் இதன் மூலம் தமிழ்நாட்டிலேயே உற்பத்தியாகிறது.

12.7 மி.மீ. கனரக இயந்திரத் துப்பாக்கி: சோவியத் என்.எஸ்.வி. வடிவமைப்பைச் சேர்ந்தது. நிமிடத்திற்கு 700 முதல் 800 தோட்டாக்கள் என்ற வேகத்தில் சுடக்கூடியது. ஆவடியில் தயாரான டி-72 டாங்கிகளின் மேற்புறத்தில், தாழப் பறக்கும் வானூர்திகளைச் சுடுவதற்காக இவ்வகைத் துப்பாக்கி பொருத்தப்படுகிறது.

வித்வன்சக்: வாகனங்கள், பதுங்குகுழிகள் போன்றவற்றைத் தொலைவிலிருந்து தாக்கும் பெரிய ரைபிள். குழலை மாற்றி 12.7, 14.5, 20 மி.மீ. ஆகிய மூன்று அளவுகளில் பயன்படுத்தலாம்.

தொலை இயக்கத் துப்பாக்கி: கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களுக்கான 12.7 மி.மீ. துப்பாக்கி. கப்பல் அலையில் ஆடினாலும் குறி விலகாது. இதன் தொழில்நுட்பம் இஸ்ரேலிடமிருந்து பெறப்பட்டது.

தற்போதைய நிலை

2021 அக்டோபர் 1 அன்று இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு, அதன் ஆலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. திருச்சிராப்பள்ளி ஆலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

எனினும் இறக்குமதி முற்றிலும் நிற்கவில்லை. 2019-இல் அமெரிக்காவிடமிருந்து 72,400 சிக்-716 ரைபிள்களும், 2020-இல் இஸ்ரேலிடமிருந்து 16,479 நெகேவ் இலகு இயந்திரத் துப்பாக்கிகளும் வாங்க ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ஏ.கே.-203 ரைபிளை ரஷ்யக் கூட்டு முயற்சியுடன் தயாரிக்கும் திட்டம் செயல்படுத்தப்படுகிறது. வெளிநாட்டு வடிவமைப்பை உள்நாட்டில் தயாரிக்கும் திறனை இந்தியா பெற்றுவிட்டது. படைவீரர் முழுமையாக நம்பும் ரைபிளைத் தானே வடிவமைத்து, உரிய காலத்தில் போதிய எண்ணிக்கையில் வழங்குவதே இத்துறையில் எஞ்சியுள்ள சவாலாகும்.