டான் என்னும் பெயர்

முத்துப்பேட்டையிலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூரில் கடை வைத்த நம்மவர், "டான்" என்னும் பெயரைத் தம் பேரேட்டில் எழுதாமல் இருந்திருக்க முடியாது. அங்குள்ள சீனரிடையே மிகப் பெருகிய குடும்பப் பெயர் அதுவே. நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்தே போதும். சீனருக்குக் குலப் பெயரே முன்னால் நிற்கும்.

சீனர் பரம்பரையாகக் கூறும் வரலாறு இது. சௌ வம்சத்து ஊ மன்னன் ஒரு குலத்தாருக்குச் "சென்" என்னும் நாட்டை அளித்தான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சூ ராஜ்யம் அதை விழுங்கிற்று. நாட்டை இழந்தவர்கள் நாட்டின் பெயரையே தங்கள் பெயராக்கிக் கொண்டனர்.

அந்த ஒரே எழுத்தைப் பீகிங்கில் "சென்" என்றும், காண்டனில் "சான்" என்றும், ஹொக்கியன் மொழியில் "டான்" என்றும் வாசிப்பர். வியட்நாமில் அதுவே "த்ரான்". 1225 முதல் 1400 வரை அங்கு அரசாண்டு, மங்கோலியப் படையை மும்முறை முறியடித்த வம்சம் இப்பெயருடையதே.

தென் சீனத்து ஹொக்கியர் கடல் கடந்தபோது பிரிட்டிஷ் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினர், "டான்" நிலைத்தது. ரப்பரில் பொருளீட்டி, 1921-ல் அமோய் சர்வகலாசாலையை ஸ்தாபித்து, ஜப்பானியப் படையெடுப்பை எதிர்க்க நிதி திரட்டிய டான் கா கீ அவர்களுள் ஒருவர்.

ஆனால் 1937-ல் சாந்திநிகேதனத்தில் திறக்கப்பட்ட சீன பவனத்தின் தலைவர் டான் யுன்-ஷான் இக்குலத்தவர் அல்லர். ஹூனான் மாகாணத்தவரான அவர் பெயருக்குச் சீன எழுத்தே வேறு. ரோமன் லிபி இரண்டையும் ஒன்றாக்கிற்று. நம் தமிழ் எழுத்தும் அவ்வாறே செய்கிறது.