கன்றுக்குட்டிக்குச் சூட்டிய கடவுளின் பெயர்

ஹேவாஹெட்ட மலைப்பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை நம் நாட்டுப் பாடசாலை மாணவரும் அறிவர். அதற்குப் 13 ஆண்டுகளுக்கு முன்பே, கோப்பிக் காலத்தில், கண்டிப் பகுதித் தோட்டங்களை மையமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டதைப் பலர் அறியார். உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். செலவில் ஒரு பங்கைத் துரைமார் ஏற்றனர். தொழிலாளிக்குக் கூலி கொடுப்பவரே உபதேசியாருக்கும் படியளந்தால், எத்தகைய கடவுளைப் பற்றிக் கேட்க அவர் விரும்புவார்? கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் கடவுள் அவருக்கு உவப்பானவர். வயலை அறுத்தவருக்குக் கொடாது பிடித்துவைத்த கூலி கடவுளின் செவியில் முறையிடுகிறது என்று யாக்கோபின் திருமுகம் 5ஆம் அதிகாரம் எச்சரிக்கிறதே, அது உவப்பாய் இருந்திருக்குமா?

அந்த உபதேசியார்கள் மீது நாம் பழி சுமத்தவில்லை. ஆனால் இச்சோதனை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807இல் இலண்டனில் ஒரு விவிலியம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தளையினின்று விடுதலை பெற்ற வரலாறு நீக்கப்பட்டிருந்தது! கடவுளை மறுக்கவில்லை, கத்தரித்துக்கொண்டார்கள்.

வெள்ளையரை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்க இயலாது. திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் தமிழ்க் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே விலகினர். ஒரே கிண்ணத்தில் நற்கருணை அருந்துவது அவர்களுக்கு இயலாத காரியமாயிற்று. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்கள், தம் சாதி ஒழுங்கையும் அவரே காக்கவேண்டும் என எதிர்பார்த்தனர்.

மோசே மலையில் இருக்கையில் மக்கள் பொற்கன்றை வார்த்த நிகழ்வு இங்கு நினைக்கத்தக்கது. விவிலியத்தின்படி கன்றின் முன் பலிபீடம் கட்டிய ஆரோன், மறுநாள் ஆண்டவருக்கே விழா என்று அறிவிக்கிறார். ஆக, மக்கள் வேறொரு தெய்வத்தைத் தேடிப் போனதாக எண்ணவில்லை. தம் கைப்படைப்புக்கு உண்மைக் கடவுளின் பெயரையே சூட்டினர். திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில் கன்றைச் செய்தவன் சாமிரி. ஹாரூன் நபி அதைத் தடுக்க முயன்றவர். இவ்வேறுபாடு முக்கியமானதே. எனினும் இரு வேதங்களும் காட்டும் நோய் ஒன்று. தன் மனஇச்சையையே தெய்வமாக்கிக்கொண்ட மனிதனைக் குறித்து அல்-ஃபுர்கான் அத்தியாயம் வினவுவதை முஸ்லிம் வாசகர் நன்கு அறிவர்.

இன்று கன்று வேறு வடிவில் வருகிறது. காணிக்கை கொடுத்தால் வீடும் வாகனமும் விசாவும் நிச்சயம் என்னும் போதனை அதிலொன்று. கெத்செமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று இயேசுவே மன்றாடினார், அது அகலவில்லை. தந்தையின் சித்தத்துக்கு அவர் பணிந்தார். அவ்வேண்டுதலை விசுவாசக் குறைவென்று சொல்லத் துணிவார் உண்டா?

இச்சோதனைக்கு எதிராகச் சமயங்கள் கண்ட வழி எளிமையானது: பிடித்த பகுதியை மட்டும் வாசிக்க விடாமை. ரமழான் இரவுத் தொழுகைகளில் பல பள்ளிவாசல்களில் குர்ஆன் முழுவதும் ஓதி முடிக்கப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் 3 ஆண்டுச் சுழற்சியில் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. குருவானவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வதற்கில்லை. கூலி பற்றிய அந்த யாக்கோபு வாசகம் 2024 செப்டெம்பர் 29ஆம் திகதி வந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கே தோட்டத் தொழிலாளர் 2021 வரை போராட நேர்ந்த இந்நாட்டிலும் அது வாசிக்கப்படவேண்டியதாயிற்று. 2027 செப்டெம்பர் 26ஆம் திகதி, கேட்பவர் துரையாயினும் தொழிலாளியாயினும், அது மீண்டும் வரும்.